சோடியம் ஏறினால் பொட்டாசியம் இறங்கும்

மே 3, சனி

பன்னிரண்டு கிண்ணத்திலும் செல்கள் பிடித்துக்கொண்டன. போன மாதம் பூஞ்சை வந்து எல்லாம் பாழானபோது, "இந்த வயசுல இவங்களுக்கு எதுக்கு பிஎச்.டி." என்று கல்லூரி ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேர் என் காதுபடவே பேசினார்கள். அவர்களைக் கையோடு கூட்டி வந்து மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சுண்டெலியின் சிறுநீரகக் குழாயிலிருந்து வளர்த்த செல்கள் இவை. தரையில் ஓடு பதித்த மாதிரி இடைவெளியே விடாமல் நெருக்கி நிற்கின்றன. நாற்பத்தாறு வயதில் நான் வளர்த்தவை.

டைரி எழுதச் சொன்னது என் கைடு டாக்டர் ஜெசிந்தா. என்னைவிட ஒன்பது வயது சின்னவள். ஆய்வகத்தில் நான் அவளை மேடம் என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். "லேப் நோட்டுல நம்பர் மட்டும் இருக்கட்டும்க்கா. புலம்பலை எல்லாம் தனியா ஒரு டைரில எழுதி வச்சுக்கோங்க" என்றாள். புலம்புவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஜூன் மாதம் கமிட்டி. அதற்குள் இந்த ஒரு பரிசோதனை முடிந்தால் தீசிஸ் முடிந்தது. முடித்துவிடுவேன்.

மருந்தின் பெயர் டிரைமெத்தோபிரிம். நம் அம்மா அப்பா காலத்து ஆன்டிபயாடிக். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுப்பது. கிருமியைக் கொல்லப் போன இடத்தில் இது வேறு ஒரு வேலையும் பார்த்துவிட்டு வரும். சிறுநீரகச் செல்லில் சோடியம் நுழையும் கதவை அடைத்துவிடும். எவ்வளவு அடைக்கிறது, எவ்வளவு சீக்கிரம் அடைக்கிறது, அடைத்தால் பொட்டாசியம் என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி.

மே 5, திங்கள்

கத்திரி தொடங்கிவிட்டது. திருச்சி வெயிலைப் பற்றி எழுதினால் டைரி வேர்த்துவிடும்.

சமையலறையில் உப்பை மாற்றிவிட்டேன். இவருக்கு பிரஷர் 150ஐத் தாண்டிப் போய் மூன்று மாதமாக மாத்திரை போடுகிறார். இத்தனை நாள் இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்றுதான் ஆச்சரியம். சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அரைக் கிலோ வாங்கிப் பழைய உப்பு ஜாடியைக் கழுவி அதில் கொட்டினேன்.

"என்ன கோதை, சாம்பார்ல உப்பே இல்லை. ஒரு மாதிரி கசக்குது வேற" என்றார்.

"ஒரு வாரத்துல பழகிடும். பொட்டாசியம் உங்க பிரஷருக்கு நல்லதுங்க."

"பாத்து. ஜாஸ்தி ஆயிடப் போகுது."

ஸ்கூல் பி.டி. மாஸ்டர் எனக்குப் பொட்டாசியம் பாடம் எடுக்கிறார். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிற ஆளுக்கு மிஞ்சின பொட்டாசியம் எல்லாம் சிறுநீரோடு போய்விடும் என்று விளக்கினேன். அதற்குள் இரண்டாவது தடவை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். வாய் பேசும், வயிறு வேலையைப் பார்க்கும். அதுதான் குணசீலன்.

மே 7, புதன்

ஒத்திகையில் ஒரு கிண்ணத்துக்கு மருந்தைக் கீழ்ப்பக்கம் ஊற்றிவிட்டேன். செல்களின் மேல்பக்கம் சிறுநீர்ப் பக்கம், கீழ்ப்பக்கம் ரத்தப் பக்கம். கதவு மேலே இருக்க, பூட்டைக் கொண்டுபோய்க் கொல்லையில் மாட்டினால் யாருக்கு என்ன? சோடியம் நுழைவதைக் காட்டும் மின்னோட்டம் அசையவே இல்லை. ஜெசிந்தா பார்ப்பதற்குள் கிண்ணத்தைத் தள்ளிவைத்தேன். பார்த்துவிட்டாள். சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மே 9, வெள்ளி

இவருக்கு நேற்றிலிருந்து நீர்க்கடுப்பு. லேசாகச் சர்க்கரையும் இருப்பதால் இது வருவது சகஜம்தான். எனக்கு இன்று விடைத்தாள் திருத்தும் முகாம். தானே டாக்டரிடம் போய் வந்துவிட்டார். ஆன்டிபயாடிக், காலை ஒன்று இரவு ஒன்று, பத்து நாளைக்கு. மெடிக்கலில் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் இருந்த துண்டு அடுத்த ஆளுக்குப் போயிருக்கும். டாக்டர் எழுதின சீட்டையும் இவர் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"வேற ஏதாவது மாத்திரை போடறீங்களான்னு டாக்டர் கேட்டிருப்பாரே?"

"கேட்டார். இல்லைன்னுட்டேன்."

"ஏன்?"

"பக்கத்து சேர்ல நம்ம ஸ்கூல் பையனோட அப்பா உக்காந்திருந்தார். பி.டி. மாஸ்டருக்கு பிரஷர்னு ஊரெல்லாம் சொல்வாரு. எதுக்கு வம்பு?"

திட்டினேன். ரொம்பவும் திட்டவில்லை. பிரஷர் மாத்திரைக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் ஆகாமல் போக என்ன இருக்கிறது? டாக்டர்கள் எல்லாம் இப்போது புதிது புதிதாகத்தான் எழுதுகிறார்கள். என் டிரைமெத்தோபிரிமை எழுதுகிற ஆள் இருந்தால் போய்க் கைகுலுக்கிவிட்டு வருவேன். அது பழைய சரக்கு, என்னைப் போல.

மே 10, சனி

நீர்க்கடுப்பு குறைந்துவிட்டது. சூட்டுக்கு நல்லது என்று காலையில் ஒரு இளநீர், மாலையில் ஒரு இளநீர். மாலையில் வழுக்கையைச் சுரண்டிக்கொண்டே, "நீ அந்த ரூம்ல அப்படி என்னதான் செய்யற? எனக்குப் புரியற மாதிரி சொல்லு பாப்போம்" என்றார்.

கமிட்டிக்கு முன்னால் இது நல்ல பயிற்சி என்று உட்கார்ந்து சொன்னேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் நிற்கிறது. அந்த பஸ் ஒரு செல். முன்படியில் சோடியம் ஏறினால்தான் பின்படியில் பொட்டாசியத்தை இறங்கவிடுவார் கண்டக்டர். ஏறின சோடியம் உடம்புக்குள் திரும்பிப் போகும், இறங்கின பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும். என் மருந்து என்ன செய்கிறதென்றால், முன்படிக் கதவைச் சாத்திவிடுகிறது.

"அப்ப பொட்டாசியம்?"

"பஸ்ஸுக்குள்ளேயே மாட்டிக்கும்."

"பாவம்" என்றார். இதைவிடச் சுருக்கமாக யாரும் என் தீசிஸைப் பாராட்டியதில்லை.

மே 12, திங்கள்

இன்று உலக அதிசயம். இவர் ஷட்டிலில் தோற்றுவிட்டு வந்தார். அதுவும் ஸ்ரீரங்கத்து வரதனிடம். வரதன் பேங்க் மேனேஜர். தொந்தி முதலில் வரும், பிறகு அவர் வருவார். இருபது வருஷமாக இவரிடம் அடி வாங்கியே பழகினவர், ஜெயித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் வீடு வரை கூடவே வந்து காபி குடித்துவிட்டுப் போனார்.

"கால் தூக்கவே மாட்டேங்குது கோதை. மண்ணு மூட்டையைக் கட்டின மாதிரி இருக்கு."

"வெயில்ல ஆடினா அப்படித்தான். வேர்வைல உப்பெல்லாம் போயிருக்கும்."

ஒரு சொம்பு மோரில் நம் புது உப்பைத் தாராளமாகப் போட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் எலுமிச்சைச் சாற்றிலும் போட்டேன். கசக்கிறது என்று இப்போது சொல்வதில்லை. பழகிவிட்டது.

மே 13, செவ்வாய்

வந்துவிட்டது! மேல்பக்கம் மருந்து ஊற்றின சில நிமிடத்தில் மின்னோட்டம் கால்பங்காக விழுந்தது. அப்படி ஊற்றின எல்லாக் கிண்ணத்திலும் அதே கதை. ஒரு நாள் ஊறவிட்ட கிண்ணங்களில் மேல்பக்கத் திரவத்தை எடுத்து, சுடரில் எரித்துப் பொட்டாசியத்தை அளக்கிற ஃபிளேம் போட்டோமீட்டரில் வைத்தேன். பொட்டாசியம் மேலே வரவே இல்லை. மாட்டிக்கொண்டது மாட்டிக்கொண்டதுதான். அந்தச் சுடர் எப்படி எரிந்தாலும் எனக்கு இன்று தீபாவளி.

ஒரே ஒரு கிண்ணம் மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. மேலே பொட்டாசியம் எக்கச்சக்கமாக இருந்தது. செல் ஏதாவது உடைந்து உள்ளே இருந்ததெல்லாம் கொட்டியிருக்கும். செல்லுக்குள்ளே பொட்டாசியம்தானே நிறைந்து கிடக்கிறது. அந்த எண்ணைச் சிவப்பில் அடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் மாடிப்படியில் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஏன் என்றேன். சும்மா என்றார். நாளைக்கு ரத்தம் கொடுத்துச் சர்க்கரையும் உப்புகளும் பார்த்துவிடலாம் என்று நான்தான் முடிவு செய்தேன். எதையும் அளந்து பார்க்காமல் பேசுவது எனக்குப் பிடிக்காது.

மே 14, புதன்

காலையில் தெருமுனை லேபிலிருந்து அப்பாஸ் வந்து ரத்தம் எடுத்துப் போனான். மதியம் ரிப்போர்ட் இவர் போனுக்கு வந்து, இவர் எனக்கு அனுப்பினார். சர்க்கரை பரவாயில்லை. சோடியம் கொஞ்சம் குறைவு. பொட்டாசியம் 6.8. தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி.

நான் கல்லூரியில் இருக்கும்போதே போன் போட்டார். "கோதை, இது ஜாஸ்தியா? அஞ்சுதான் இருக்கணும்னு போட்டிருக்கே."

எனக்குச் சிரிப்பு வந்தது. 6.8 என்றால் மனுஷன் ஆஸ்பத்திரியில் கிடப்பான், போனில் சந்தேகம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டான். நடந்தது என்னவென்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். கையை இறுக்கிக் கட்டி, விரலை மூடித் திற மூடித் திற என்று சொல்லி, மெல்லிய ஊசியில் இழுத்திருப்பான். ரத்த அணு உடைந்திருக்கும். உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே வந்திருக்கும். நேற்று என் கிண்ணத்தில் நடந்த அதே சங்கதி.

"அது சாம்பிள் கோளாறுங்க. பயப்படாதீங்க. சனிக்கிழமை நானே பக்கத்துல நின்னு மறுபடி எடுக்கச் சொல்றேன்."

"சரி. நீ சொன்னா சரிதான்" என்று வைத்துவிட்டார்.

நான் வீடு திரும்பியபோது மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பாதி கழுவிவிட்டு மீதியை நாளைக்கு என்று இறங்கி வந்தார். பாதி வேலை செய்கிற ஆள் இல்லை. இரவு சீக்கிரமே தூங்கிவிட்டார்.

மே 15, வியாழன்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலை பத்தரை. ஜெசிந்தா என் எண்களைப் பார்த்துக்கொண்டே வந்து, சிவப்பில் அடித்த இடத்தில் நின்றாள்.

"இதை ஏன்க்கா அடிச்சீங்க?"

"செல் உடைஞ்சிருக்கும் மேடம்."

"உடைஞ்சா மின்தடை விழுந்திருக்கணுமே. இங்க பாருங்க, விழவே இல்லை. விரிப்பு முழுசா இருக்கு. பிடிக்காத நம்பரை எல்லாம் உடைஞ்ச செல் தலையில கட்டாதீங்க."

எடுத்துப் பார்த்தேன். அது நான் ஒத்திகையில் மருந்தைக் கீழ்ப்பக்கம் ஊற்றித் தள்ளிவைத்த கிண்ணம். ஊறவிட்ட கிண்ணங்களோடு தெரியாமல் அதையும் சேர்த்து எடுத்திருக்கிறேன். கதவு திறந்தே இருந்திருக்கிறது. பொட்டாசியம் ஜோராக மேலே வந்திருக்கிறது. எண் பொய் சொல்லவில்லை. நான்தான் எது எந்தக் கிண்ணம் என்று பார்க்காமல் அடித்திருக்கிறேன்.

"சரி, விடுங்க. உடைஞ்சுதுன்னு சொன்னா உடைஞ்சதுக்கு ஒரு சாட்சி வேணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்தாள்.

சாட்சி. ரத்த அணு உடைந்தால் அதற்கும் சாட்சி உண்டு. குழாயைச் சுழற்றி வைத்ததும் மேலே தெளிகிற சீரம் என்ற நீர் மஞ்சளாக இருக்காது, ரோஸ் நிறத்தில் இருக்கும். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு நானே நடத்துகிற பாடம். வராண்டாவுக்கு வந்து அப்பாஸுக்குப் போன் போட்டேன்.

"நேத்து குணசீலன் சார் சாம்பிள்... சீரம் என்ன கலர்ல இருந்துச்சுப்பா?"

"நல்லா தெளிவா மஞ்சளா இருந்துச்சு மேடம். பொட்டாசியம் ஜாஸ்தி காட்டுதேன்னு ரெண்டாவது வாட்டியும் ஓட்டினேன். அதேதான். சார்கிட்ட சொன்னேனே, டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு."

அடுத்து இவருக்கு. மூன்று முறை மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் எடுத்தார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. எழுந்து வந்து போனை எடுக்க நேரமாகிவிட்டதாம். அந்த ஆன்டிபயாடிக் பெயர் என்ன என்றேன். வெள்ளையாக இருக்கிறது என்றார். மெடிக்கலுக்குப் போன் போட்டேன். கடைக்காரர் சாவகாசமாகப் புரட்டிப் பார்த்து, "சல்ஃபாவோட டிரைமெத்தோபிரிம் சேர்ந்த மாத்திரை மேடம். டபுள் ஸ்ட்ரெங்த்" என்றார்.

டிரைமெத்தோபிரிம்.

அதன் மேல் பிரஷர் மாத்திரை. அதுவும் பொட்டாசியத்தைப் பிடித்து நிறுத்துகிற சாதி. அதன் மேல் இரண்டு வேளை இளநீர். அதன் மேல் என் உப்பு, மோரில், எலுமிச்சைச் சாற்றில், சாம்பாரில். ஒரு வாரமாக வீட்டுக்குள்ளேயே ஒரு பரிசோதனை நடத்திக்கொண்டு, நான் ஆய்வகத்தில் போய்ச் சுண்டெலிச் செல்லைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜெசிந்தாவிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவளே ஸ்கூட்டரில் உட்காரவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். போன் போட்டதும் வரதன் அவர் காரோடு வந்துவிட்டார். இவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம். இவர், "எதுக்கு இவ்வளவு கலாட்டா? நாளைக்குப் போனா ஆகாதா?" என்றார்.

அவசரப் பிரிவில் இருந்தது ஒரு இளம் டாக்டர். ரிப்போர்ட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். இவர் வணக்கம் வைத்தார். டாக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. "சாம்பிள் கோளாறா இருக்கும்மா. பேஷண்ட் நல்லாத்தான் பேசறார். இன்னொரு தடவை ரத்தம் அனுப்பிட்டு, ரிசல்ட் வந்ததும் பாக்கலாமே."

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது, ஆனால் நடுங்கவில்லை. "ரத்தம் சரியாத்தான் இருக்கு டாக்டர். இவர்தான் சரியில்லை. சீரம் மஞ்சளா இருந்திருக்கு, ரெண்டு தடவை ஓட்டியிருக்காங்க. ஆறு நாளா டிரைமெத்தோபிரிம் போடறார், கூட பிரஷருக்கு டெல்மிசார்டன், பொட்டாசியம் உப்பு. கால்ல பலம் இல்லை. ரத்தம் போகட்டும். அது வர்ற வரைக்கும் உக்காராதீங்க. இப்பவே ஈ.சி.ஜி. எடுங்க."

எடுத்தார். தாளில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கூர்மையான கூடாரம் எழும்பியிருந்தது. அதைப் பார்த்த பிறகு அந்தப் பிள்ளை நடக்கவில்லை, ஓடினார். இதயத்தைக் காக்கக் கால்சியம் ஊசி, பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ள குளுக்கோஸோடு இன்சுலின், முகமூடி வழியாக மருந்துப் புகை. புதிய ரத்தத்தில் 7.2 வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் என்றால் இதயம் நின்றிருக்கும் என்று பிறகு சொன்னார்.

பதிவு செய்யும் இடத்தில் இவர் வயதைக் கேட்டார்கள். மூன்று முறை கேட்டும் எனக்குச் சொல்ல வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் பயம் என்பார்கள். எனக்குத் தாகம், தொண்டை காய்ந்திருந்தது.

மே 16, வெள்ளி

பொட்டாசியம் 5.4. கால் விரலை ஆட்டிக் காட்டினார். என் கிண்ணங்களுக்கு ஜெசிந்தா உணவு மாற்றிவிட்டாளாம். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். உப்பு ஜாடியைக் காலி செய்து கழுவிக் கவிழ்த்தேன்.

மே 18, ஞாயிறு

4.6. வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம்.

பார்வையாளர் நேரத்தில் கல்யாண வீடு மாதிரிக் கூட்டம். இவர் அக்கா கோமளா கரூரிலிருந்து வந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "பொண்டாட்டி படிச்சா குடும்பம் உருப்படாதுன்னு பேசின வாயெல்லாம் இப்ப எங்க போச்சு? ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கண்டுபிடிச்சிட்டாளே!" வரதன் அதையே ஸ்ரீரங்கம் பூராவும் சொல்லி முடித்திருந்தார். இளம் டாக்டர் வேறு இரண்டு ஹவுஸ் சர்ஜன்களைக் கூட்டி வந்து, "இந்த மேடம் அன்னிக்கு என்னைத் திட்டலைன்னா மிஸ் பண்ணியிருப்பேன்" என்று காட்டிவிட்டுப் போனார்.

எல்லாரையும்விட அதிகமாகப் பேசினது இவர்தான். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து. "பார்த்த உடனே பிடிச்சிட்டா சார். கதவு, பஸ்ஸு, பொட்டாசியம்னு என்னென்னமோ சொன்னா. இவ இல்லைன்னா இன்னிக்கு எனக்கு மாலை போட்டிருப்பீங்க." நான் ஆரஞ்சு உரித்து அடுத்த ஆளுக்கு நீட்டிக்கொண்டிருந்தேன். இவருக்குக் கொடுக்கவில்லை. ஆரஞ்சிலும் பொட்டாசியம் உண்டு.

எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"எப்படி?"

"பார்த்த உடனேன்னு. ரிப்போர்ட் புதன்கிழமையே வந்துச்சு. உங்க போனுக்குத்தான் வந்துச்சு. டாக்டர்கிட்ட போங்கன்னு அப்பாஸ் உங்ககிட்டயே சொல்லியிருக்கான். நான்தானே வேண்டாம்னேன். நான் சிரிச்சேங்க. நீங்க கேட்டப்போ நான் சிரிச்சேன்."

அழக் கூடாது என்று இருந்தேன். அழுதேன். இவர் கையில் ஊசி குத்தின இடத்தில் பிளாஸ்திரி. அதோடேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிஜத்தைச் சொல்லட்டுமா கோதை? ரெண்டு நாளா உள்ளுக்குள்ள ரொம்பப் பயமா இருந்துச்சு. கால் மரத்துப்போகுது, நெஞ்சு என்னமோ பண்ணுது. உன்கிட்ட சொல்லலை. அந்த ரிப்போர்ட் வந்ததும் சரி, அவ்வளவுதான்னு நினைச்சேன். நீ சாம்பிள் கோளாறுன்னு சொன்னே பாரு, அப்பதான் உயிரே வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி எவ்வளவு நிம்மதியாத் தூங்கினேன் தெரியுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். குறை சொல்லவில்லை, குத்திக் காட்டவில்லை. எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது தூங்குகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தீசிஸை முடித்துவிடுவேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்த மனுஷன் மட்டும் இனிமேல் என்னை இவ்வளவு நம்பக் கூடாது. அதை இவரிடம் சொல்லவும் பயமாக இருக்கிறது. சொன்னால், நான் சொன்னேன் என்பதற்காக அதையும் நம்பிவிடுவார்.